அரை மணி நேரம் வந்துபோகும் நாய்

"முதியவர்களிடம் வாரம் ஒருமுறை நாயைக் கூட்டிக்கொண்டு போனால் தனிமை குறையும்." தெரபி நாய்களைப் பற்றித் தேடினால் இந்த வாக்கியம் ஏதாவது ஒரு வடிவத்தில் எல்லா இடத்திலும் கிடைக்கும். கூடவே ஒரு படம் இருக்கும்: சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி, அவர் மடியில் தலை வைத்திருக்கும் ஒரு கோல்டன் ரெட்ரீவர். படத்தைப் பார்த்ததும் மனசு இளகிவிடும். அதற்கு மேல் கேள்வி கேட்பவன் கல்நெஞ்சக்காரன் ஆகிவிடுவான். பரவாயில்லை, கேட்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அந்த வாக்கியத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வுகளை எடுத்து வரிசையாகப் படித்தேன். படத்தைவிட அவை சுவாரசியமாக இருந்தன. ஆனால் அவை சொல்வதாக எல்லோரும் சொல்வதை அவை சொல்லவில்லை என்று எனக்குப் படுகிறது.

முதலில் ஒரு சின்ன விளக்கம். பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் வேறு, தெரபி நாய் வேறு. வழிகாட்டி நாய் ஒருவரோடு நிரந்தரமாக இருக்கும். அதற்கென்று பல மாதப் பயிற்சி உண்டு. தெரபி நாய் பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டில் வளரும் சாதாரண நாய்தான். முன்பின் தெரியாதவர் தொட்டால் பயப்படாது, சத்தத்துக்கு மிரளாது என்று சோதித்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள். நாயின் சொந்தக்காரரே தன்னார்வலராக அதைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்கும் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கும் போவார். பிரிட்டனில் இந்த வேலையைச் செய்யும் 'பெட்ஸ் அஸ் தெரபி' 1983இல் தொடங்கியது. ஹாங்காங்கில் 1991இல் ஜில் ராபின்சன் தன் நாய் மேக்ஸோடு தொடங்கிய 'டாக்டர் டாக்' திட்டம் ஆசியாவில் இதற்கு முன்னோடி. அதற்கும் முன்னால், 1962இல், அமெரிக்க உளவியலாளர் போரிஸ் லெவின்சன் தன் நாய் ஜிங்கில்ஸ் அறையில் இருந்தபோது பேசாத குழந்தை பேச ஆரம்பித்ததைப் பற்றி எழுதினார். அப்போது சக உளவியலாளர்கள் சிலர் அதைக் கேலியாகத்தான் பார்த்தார்கள்.

இப்போது ஆய்வுக்கு வருவோம். முதியோர் தனிமை, தெரபி நாய் என்ற இரண்டையும் சேர்த்துப் பேசும் எவரும் மேற்கோள் காட்டுவது மேரியன் பேங்க்ஸும் வில்லியம் பேங்க்ஸும் 2002இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் இருந்த 45 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள், குழுவுக்கு 15 பேர். ஒரு குழுவுக்கு வாரம் ஒருமுறை நாய் வரும். இன்னொரு குழுவுக்கு வாரம் மூன்று முறை. மூன்றாவது குழுவுக்கு நாய் வராது. ஆய்வு நடந்தது 6 வாரம். தனிமையை அளக்க யூ.சி.எல்.ஏ. தனிமை அளவையைப் பயன்படுத்தினார்கள். அதில் 20 கேள்விகள். விடைக்கு ஏற்ப 20 முதல் 80 வரை மதிப்பெண். ஆறு வாரம் முடியும் தறுவாயில் மறுபடி கேட்டபோது, நாய் வந்த இரு குழுக்களிலும், வராத குழுவோடு ஒப்பிட்டால், தனிமை மதிப்பெண் குறைந்திருந்தது.

நல்ல ஆய்வுதான். குலுக்கல் முறை இருக்கிறது, ஒப்பீட்டுக் குழு இருக்கிறது, பலரும் பயன்படுத்தும் அளவை இருக்கிறது. இந்தத் துறையில் அதுகூட இல்லாத ஆய்வுகள் ஏராளம். ஆனாலும் இரண்டு இடத்தில் என்னால் சட்டென்று தாண்டிப் போக முடியவில்லை.

முதல் இடம், அந்த 45 பேர் யார் என்பது. ஆய்வாளர்களே அவர்களுடைய வளர்ப்புப் பிராணி வரலாற்றைக் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் வாழ்நாளெல்லாம் பிராணிகளோடு நெருக்கமாக இருந்தவர்கள். இப்போதும் ஒன்று இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஆசைப்படுகிறவர்கள். அதாவது, நாயைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிற தாத்தா இந்தக் கணக்கில் கிடையாது. வீட்டில் நாய் வளர்த்தவர். வயதாகி இல்லத்துக்கு வந்தபோது அதை விட்டுவிட்டு வந்தவராகவும் இருக்கலாம். அவரிடம் ஒரு நாயைக் கொண்டுபோய்க் காட்டினால் அவர் மனசு லேசாகிறது. இதை 'சிகிச்சை' என்று சொல்லலாம். இழந்த ஒன்றை அரை மணி நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறோம் என்றும் சொல்லலாம். இரண்டாவது விதமாகச் சொல்லிப் பாருங்கள், உடனே வேறு ஒரு கேள்வி வரும்: அது ஏன் அவர்களிடமிருந்து போனது?

இரண்டாவது இடம், ஒப்பீட்டுக் குழு. அவர்களுக்கு நாய் வரவில்லை, சரி. ஆனால் நாய் தானாக நடந்து வருவதில்லையே! சங்கிலியின் இந்த முனையில் ஒரு மனிதர் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ஒருவர் என் அறைக் கதவைத் தட்டுவார், மாத்திரை கொடுக்கவோ படுக்கை விரிப்பை மாற்றவோ இல்லாமல் எனக்காகவே வருவார் என்று தெரிவது சின்ன விஷயமில்லை. அவர் ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் வந்தது வந்ததுதான். நாய் வந்த குழுவுக்கு இது கிடைத்தது; வராத குழுவுக்கு இதுவும் சேர்ந்தே கிடைக்கவில்லை. தனிமையைக் குறைத்தது நாயா, வருகையா? இந்த ஒப்பீட்டை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

பேங்க்ஸ் குழுவினருக்கும் ஏறக்குறைய இந்தச் சந்தேகம் இருந்திருக்கும் போல. 2005இல் அடுத்த ஆய்வு வந்தது. நாய் வந்தால் இல்லத்தில் இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச ஆரம்பிக்கிறார்கள், அதனால்தான் தனிமை குறைகிறது என்று ஒரு விளக்கம் இருந்தது. அது சரியென்றால் எல்லோரும் கூடியிருக்கும்போது நாய் வந்தால்தான் பலன் அதிகம் இருக்கவேண்டும். சோதித்தபோது நேர்மாறாக வந்தது. தனியாக நாயோடு இருந்தவர்களுக்குத்தான் தனிமை அதிகம் குறைந்தது. நாய், மனிதர்களை இணைக்கும் பாலம் என்ற அழகான விளக்கம் பராமரிப்பு இல்லத்துக்குள் அவ்வளவாக நிற்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது பங்கு போடாத நேரம் என்று நான் புரிந்துகொள்கிறேன். பத்துப் பேருக்கு நடுவே ஒரு நாய் வந்தால் அங்கேயும் வரிசையில் காத்திருக்கத்தானே வேண்டும்.

மூன்றாவது ஆய்வுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 2008இல் வந்தது. செயிண்ட் லூயிஸ் பல்கலைக்கழகக் குழு, ஒரு உயிருள்ள நாயையும் ஒரு ரோபோ நாயையும் வைத்துச் சோதித்தது. ரோபோ, சோனி நிறுவனம் 1999இல் கொண்டுவந்த ஐபோ. உயிருள்ள நாய் ஸ்பார்க்கி, மேரியன் பேங்க்ஸ் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் கண்டெடுத்துப் பழக்கிய கலப்பின நாய். ஒரு குழுவுக்கு ஸ்பார்க்கி, ஒரு குழுவுக்கு ஐபோ, ஒரு குழுவுக்கு இரண்டும் இல்லை. முடிவு: ஸ்பார்க்கி வந்தவர்களுக்கும் தனிமை குறைந்தது, ஐபோ வந்தவர்களுக்கும் குறைந்தது.

இதைப் படித்துவிட்டு 'அப்படின்னா ரோபோவே போதுமே' என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் அந்த ஆய்வுச் சுருக்கத்தின் கடைசி வரியைக் கவனியுங்கள். நாயின் மேலோ ரோபோவின் மேலோ ஒருவருக்கு எவ்வளவு பாசம் ஏற்பட்டது என்பதையும் அளந்திருக்கிறார்கள். பாசம் நிறையவே ஏற்பட்டிருக்கிறது. ஆனால் பாசத்தின் அளவுக்கும் தனிமை குறைந்த அளவுக்கும் தொடர்பு இல்லை. ஆகவே பாசம் இந்த மாற்றத்துக்குக் காரணம் இல்லை என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள். நாயின் மேல் உண்டான அன்பு தனிமையைப் போக்கியது என்பதுதான் எல்லோரும் சொல்லும் கதை. அந்தக் கதையை எழுத உதவிய குழுவே அதில் ஓட்டை போட்டுவிட்டது. அதற்குப் பிறகும் கதை அப்படியே சொல்லப்படுகிறது.

சரி, மனிதரின் வருகையை எல்லாக் குழுவுக்கும் சமமாக வைத்துவிட்டு, கையில் கொண்டுபோவதை மட்டும் மாற்றினால்? டென்மார்க்கில் அதைச் செய்தார்கள். 2016இல் வெளிவந்த ஆய்வு. நான்கு பராமரிப்பு இல்லங்களில் 100 பேர். எல்லோரையும் பார்க்க ஒரு ஆள் வருவார், வாரம் இருமுறை, 6 வாரம். அவர் கூடவே சிலருக்கு நாய் வரும், சிலருக்கு பாரோ என்ற ரோபோ கடல்நாய் வரும், சிலருக்கு வெறும் பொம்மைப் பூனை. நாய் வந்தபோது மூன்றாவது வாரத்தில் தூக்கம் கூடியது. ஆறாவது வாரத்தில் அந்த வித்தியாசம் இல்லை. மனச்சோர்வு போன்ற மற்ற அளவைகளில் நாய்க்கும் பொம்மைப் பூனைக்கும் நிலையான வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

இதை வைத்து நாயால் பிரயோஜனம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதே டென்மார்க் ஆய்வில், வருகை நடக்கும் அந்த நேரத்தை மட்டும் பார்த்தால், முதியவர்கள் நாயைத் தொட்டதும் அதோடு பேசியதும் பொம்மைப் பூனையோடு ஒப்பிட முடியாத அளவு. அந்த நேரத்துச் சந்தோஷம் உண்மை. அதற்காக மட்டுமே நாயைக் கூட்டிக்கொண்டு போகலாம். ஒரு மனிதருக்கு ஒரு நல்ல மதியம் கிடைக்க மருத்துவக் காரணம் எதற்கு? என் தகராறு 'தனிமையைக் குறைக்கும்' என்ற வாக்கியத்தோடுதான். அந்த வாக்கியம் ஒரு மதியத்தை மருந்தாக மாற்றிவிடுகிறது. மருந்து கொடுத்தாகிவிட்டது என்றால் நோயாளியைப் பார்த்தாகிவிட்டது என்று ஆகிவிடும்.

நடுவில் 'ஆக்சிடோசின்' பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் எந்தத் தெரபி நாய்க் கட்டுரையும் அது இல்லாமல் முடிவதில்லை. 2015இல் ஜப்பானில் நாகசாவா குழுவினர் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. நாயும் மனிதரும் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் ஏறுகிறது என்றது அது. ஆனால் அதில் பார்த்துக்கொண்டவர்கள், ஒரு நாயும் அதை வளர்த்தவரும். வருடக்கணக்கில் சேர்ந்து வாழ்ந்தவர்கள். வாரம் ஒருமுறை, ஒவ்வொரு அறையாகப் போய்வரும் நாய்க்கும் இது அப்படியே பொருந்தும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. சொந்த நாயைப் பற்றிய முடிவை விருந்தாளி நாய்க்கு மாற்றி எழுதிக்கொள்வது இந்தத் துறையில் வழக்கமாகவே ஆகிவிட்டது.

அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973இல் தனிமையை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, சுற்றி ஆட்கள் இல்லாத தனிமை. இன்னொன்று, நெருக்கமான ஒரு உறவு இல்லாத தனிமை. முதலாவதுக்கு நாலு பேர் வந்துபோனால் கொஞ்சம் சரியாகும். இரண்டாவது அப்படியில்லை, கல்யாண வீட்டில் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாலும் அது இருக்கும். நாய் வளர்த்தவர்கள் நாயைப் பற்றிப் பேசும்போது கேளுங்கள். 'அது என்னைக் கொஞ்சும்' என்பதைவிட, 'காலையில் ஆறு மணிக்கு எழுப்பிவிடும்', 'நான் போடாமல் சாப்பிடாது', 'மழை பெய்தாலும் வெளியே கூட்டிப் போகணும்' என்பதுதான் அதிகம் வரும். புகார் மாதிரிதான் இருக்கும். ஆனால் அதற்குள் இருப்பது, ஒரு உயிருக்கு நான் வேண்டியிருக்கிறது என்ற நிச்சயம். வயதானவர்கள் முதலில் இழப்பது அதைத்தான். பிள்ளைகள் வளர்ந்தாகிவிட்டது, வேலை முடிந்தாகிவிட்டது, இனி எல்லோரும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. வந்துபோகும் நாய்க்கு அவர்கள் கையிலிருந்து எதுவும் வேண்டியதில்லை. அதற்குச் சோறு போட வேறு ஆள் இருக்கிறார்.

இங்கேதான் நகரம் உள்ளே வருகிறது. டாக்டர் டாக் தொடங்கிய அதே ஹாங்காங்கை எடுத்துக்கொள்வோம். அங்கே 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அரசு வாடகைக் குடியிருப்புகளில் வசிக்கிறார்கள். நம் ஊர் ஹவுசிங் போர்டு மாதிரி, ஆனால் முப்பது நாற்பது மாடி. 2021 கணக்கெடுப்பின்போது ஹாங்காங்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் 65 வயதைக் கடந்தவர். 2003இல், சார்ஸ் தொற்று வந்த வருடம், குடியிருப்புத் தூய்மைக்காக வீட்டுவசதி ஆணையம் ஒரு அபராதப் புள்ளி முறை கொண்டுவந்தது. இரண்டு வருடத்துக்குள் 16 புள்ளி சேர்ந்தால் வீடே பறிபோகலாம். அனுமதியில்லாமல் நாய் வளர்ப்பதும் அந்தத் தவறுகளில் ஒன்று. பூனை வைத்துக்கொள்ளலாம். வழிகாட்டி நாய் போன்ற விதிவிலக்குகள் உண்டு. 2003 ஆகஸ்ட் 1-க்கு முன்பே வளர்ந்துவந்த சிறிய நாய்களை மட்டும், அவை சாகும்வரை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த நாய்களின் காலமும் முடிந்திருக்கும்.

ஆக, ஒரே நகரம் ஒரு கையால் நாயை எடுத்துவிட்டு, இன்னொரு கையால் வாரம் அரை மணி நேரம் நாயை நீட்டுகிறது. எடுத்தவரும் கொடுப்பவரும் ஒருவரில்லை என்பது எனக்குத் தெரியும். தடை போட்டது வீட்டுவசதி ஆணையம். நாயோடு வருவது தன்னார்வலர்கள், அவர்கள் தங்கள் ஓய்வு நாளைக் கொடுத்து வருகிறார்கள். அவர்கள்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் வாங்குகிற முதியவருக்கு இரண்டும் ஒரே வாழ்க்கையில்தான் நடக்கிறது. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். இங்கே சோற்றுப் பானையை அப்புறப்படுத்திவிட்டுப் பொரியைக் கொடுக்கிறோம். கொடுத்ததும் பசி எவ்வளவு தணிந்தது என்று 20 கேள்வி போட்டு அளக்கவும் செய்கிறோம்.

வேறு மாதிரி செய்த இடங்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 1983இல் வந்த கூட்டரசுச் சட்டம், அரசு உதவி பெறும் முதியோர், மாற்றுத்திறனாளி வாடகைக் குடியிருப்புகளில் சாதாரண வீட்டுப் பிராணிகளை வளர்ப்பதைத் தடை செய்யக்கூடாது என்றது. பிரான்சில் 1970இலிருந்தே வாடகை ஒப்பந்தத்தில் 'பிராணி கூடாது' என்று எழுதினால் அது செல்லாது. 2024 ஏப்ரலில் வந்த சட்டம் இன்னொரு படி மேலே போய், பராமரிப்பு இல்லத்துக்குப் போகும் முதியவர் தன் பிராணியைக் கூடவே கொண்டுபோகும் உரிமையைக் கொடுத்தது. இல்லத்தில் உள்ள ஆலோசனைக் குழு எதிர்த்தால் அது நடக்காது.

உடனே ஒரு ஆட்சேபம் வரும், நியாயமான ஆட்சேபம். எண்பது வயதில் நாயை யார் குளிப்பாட்டுவது? கயிற்றில் இழுத்துக் கீழே தள்ளிவிட்டால் இடுப்பு எலும்பு போய்விடும். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் நாய் என்ன ஆகும்? அவர் முதலில் போய்விட்டால்? இதெல்லாம் கற்பனைப் பயம் இல்லை. நாய் வேண்டாம் என்று பல முதியவர்கள் தாங்களே முடிவெடுப்பது இதனால்தான்.

இதற்குப் பிரிட்டனில் ஒரு பதில் இருக்கிறது. 1985இல் தொடங்கிய சின்னமன் டிரஸ்ட். அவர்களுடைய தன்னார்வலர்களும் முதியவர் வீட்டுக்குத்தான் போகிறார்கள். ஆனால் நாயைக் கொண்டுபோவதில்லை. அங்கே ஏற்கெனவே இருக்கும் நாயை நடக்கக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். முதியவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது நாயைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர் இறந்துவிட்டால் நாய்க்கு என்ன ஏற்பாடு என்பதையும் முன்கூட்டியே பேசி வைக்கிறார்கள். தெரபி நாய்த் திட்டத்தை அப்படியே திருப்பிப் போட்டது போல இருக்கிறது பாருங்கள். அங்கே நாய் வந்துவிட்டுப் போய்விடும். இங்கே நாய் இருக்கும், மனிதர் வந்துபோவார். வருகிறவர் தயவு செய்ய வரவில்லை, நாய்க்காக வருகிறார். அதனால் முதியவருக்கும் வாசலில் நின்று பேச நாய் என்ற ஒரு பொதுவான விஷயம் இருக்கிறது. தயவுக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருக்கவேண்டிய கூச்சமும் குறைவு.

பாலம் என்ற விளக்கத்தைக்கூட இந்த இடத்தில் மீட்டெடுக்கலாம். 2000ஆம் ஆண்டில் பிரிட்டனின் மெக்நிக்கலஸ், காலிஸ் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே ஆள், நாயோடும் நாயில்லாமலும் தெருவில் நடக்கவேண்டும். நாயோடு போனபோது தெரியாதவர்கள் நின்று பேசியது பல மடங்கு. நல்ல சட்டை போட்டிருந்தாலும் அழுக்குச் சட்டை போட்டிருந்தாலும் அப்படித்தான். பராமரிப்பு இல்லத்தின் கூடத்தில் வேலை செய்யாத பாலம் தெருவில் வேலை செய்கிறது. ஏனென்றால் தெருவில் அவர் நாயை நடத்திக்கொண்டு போகிறவர். இல்லத்தில் அவர் நாய் கொண்டுவந்து காட்டப்படுகிறவர்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மேலே சொன்னவற்றில் முதியவர்களிடம் நாயைக் கொண்டுபோன ஆய்வுகளெல்லாம் பராமரிப்பு இல்லங்களில் நடந்தவை. ஆய்வாளருக்கு அது வசதி: ஒரே கட்டடத்தில் வரிசையாக அறைகள், கையெழுத்து வாங்க ஒரு மேலாளர். நகரத்தில் இருபத்திரண்டாவது மாடியில் தனியாக இருக்கும் ஒருவர் இதில் எந்த இடத்திலும் வரமாட்டார். அவர் கதவைத் தட்டுவதற்கு யாருக்கும் அட்டவணை கிடையாது. 'நகர முதியோரின் தனிமைக்குத் தெரபி நாய்' என்று அறிக்கையில் எழுதும்போது அவர் படத்தை மனதில் வைத்து எழுதுகிறோம். ஆதாரமாக இல்லத்தில் இருப்பவரின் எண்ணைக் காட்டுகிறோம்.

அடுத்து இப்படி ஒரு திட்டத்தையோ ஆய்வையோ பார்த்தால் நான் கேட்கப்போவது இவைதான். ஒரே நாயும் ஒரே ஆளும் தொடர்ந்து வருகிறார்களா, வாரத்துக்கு ஒரு புதுமுகமா? நாய் இல்லாமல் ஆள் மட்டும் போன குழு ஒன்று ஒப்பீட்டில் இருந்ததா? திட்டம் நின்ற பிறகு, இரண்டு மாதம் கழித்து, யாராவது போய்க் கேட்டார்களா? கடைசியாக, அந்தக் கட்டடத்தில் அவர் தனக்கென்று ஒரு நாய் வளர்க்க அனுமதி உண்டா? நான்காவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், முதல் மூன்றுக்கும் எவ்வளவு நல்ல பதில் வந்தாலும், அந்தத் திட்டத்தைத் தனிமைக்கான தீர்வு என்று நான் எழுதமாட்டேன். நல்ல காரியம் என்று எழுதுவேன். கூடவே, தடையை யாரிடம் சொல்லி எடுக்கவேண்டும் என்பதையும் எழுதுவேன்.